இலக்கம் 27/3

ஹட்டனில் காயாத துணிக்கு
ஒரு மணம் உண்டு.
நான்கு மாதமாய் அதை உடுத்திக்கொண்டுதான்
வகுப்புக்குப் போகிறேன்.
"மழை விடட்டும் என்று இருந்தால்
துவைக்கவும் மாட்டாய், கட்டிக்கொள்ளவும் மாட்டாய்"
வீட்டுக்கார குசும் அக்கா சிங்களத்தில் சொன்னதை
ரிஸ்னா தமிழில் சொன்னாள்.
ரிஸ்னாவின் தமிழை
என் கோவில்பட்டித் தமிழில்
மறுபடி நான் சொல்லிக்கொண்டேன்.

பாண் என்றால் பிரெட்.
பஸ்ஸில் "இறக்கம்" என்று குரல் கொடுக்க வேண்டும்.
"ஸ்டாப்பிங், ஸ்டாப்பிங்" என்று கத்தி
மல்லியப்பு சந்தியைத்
தாண்டிப் போயிருக்கிறேன், இரண்டு தடவை.
நடத்துநர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் கட்டுரையில்
"மலை அழகாக இருந்தது" என்று எழுதினேன்.
ஓரத்தில் சிவப்பு மையில்: யார் சொன்னது?
நான்தான் சேர்.
"நீங்க சாட்சி இல்ல. நிருபர்" என்றார் இஸ்மத் சேர்.
அன்றிரவு அம்மா போனில் கேட்டாள்
அங்கே எப்படி இருக்குது?
யார் சொன்னதாகச் சொல்வது என்று
கொஞ்சம் யோசித்தேன்.

விசா நீட்டிப்புக் கடிதம்
இரண்டே நாளில் வந்தது.
இலக்கம் 27/3, என் பெயர், எழுத்துப் பிழையோடு.
தபால்காரர் மழைக்கோட்டுக்குள்ளிருந்து
காயம்பட்ட பறவையை எடுப்பதுபோல் எடுத்து
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அதே வாரம்தான் மேற்கணக்குக்குப் போனேன்.
புவனலோஜினிக்கு
தாதியர் கல்லூரி நேர்முகத்துக்கு வந்த கடிதம்
தோட்டத்து ஆபீஸ் மேசையில்
உரமூட்டைக் கணக்குக்கு அடியில்
ஒன்பது நாள் கிடந்திருக்கிறது.
நேர்முகம் ஏழாம் நாள்.

அவள் பேசவில்லை.
கதவோரம் நின்று
அடுப்புக்கு விறகு ஒடித்துக்கொண்டிருந்தாள்,
ஒடித்ததையே மறுபடி ஒடித்தாள்.
அம்மா தங்கேஸ்வரிதான் பேசினாள்,
கொழுந்துக்கூடையை இறக்காமலே.

படிவத்தில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது.
உங்க முகவரி, அக்கா?

சிரித்தாள்.
பதிவுக்கருவியில் அந்தச் சிரிப்பு
பதினொரு விநாடி நீளம்.
"தோட்டத்துப் பேரு இருக்கு. லயம் இருக்கு.
காம்பரா நம்பர துரை வரும்போது
சுண்ணாம்புல போடுவாங்க,
அடுத்த மழையில கழுவிக்கிட்டுப் போயிரும்.
எங்க தாத்தா காலத்துலருந்து
கடுதாசி ஆபீசுக்குத்தான் வருது, தங்கச்சி.
நீங்க எப்ப வந்தீங்க?"

நாலு மாசம் என்றேன்.
"ஒங்களுக்கு நம்பர் இருக்கா?"

இருக்கிறது என்று சொல்ல
எனக்கு ஏன் அவ்வளவு நேரமானது.

அறுநூறு சொல் எழுதினேன்.
முந்நூற்றைம்பதாக வெட்டினார்கள்.
சிரிப்பு போயிற்று. விறகு போயிற்று.
சுண்ணாம்பு மட்டும் தப்பியது,
அதுவும் பெட்டிச் செய்தியில்.
ஆனாலும் பத்திரிகையில் என் பெயர்!
மூன்று பிரதி வாங்கினேன்.
ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு.

மூன்றாவதை உறையிலிட்டு
தபாலகத்தில் நீட்டினேன்.
உள்ளே இருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"தங்கேஸ்வரி, மேற்கணக்கு.
நம்பர் எங்க, மிஸ்?"

பின்னால் வரிசை நீண்டது.
யாருடைய குடையிலிருந்தோ
என் செருப்பில் சொட்டியது.
உறையைத் திரும்ப வாங்கி
சட்டைக்குள் வைத்துக்கொண்டு
நாலரை மணி பஸ்ஸுக்கு ஓடினேன்.
தோட்டத்துச் சந்தியில்
"இறக்கம்" என்றேன்.
குரல் சின்னதாகத்தான் வந்தது.
பஸ் நின்றது.

இருட்டத் தொடங்கியிருந்தது.
கணுக்காலில் அட்டை ஏறியதை
ஏணிப்படியில்தான் கவனித்தேன்.
ஐந்தாம் லயம்.
எந்தக் கதவு என்று
விறகு ஒடிக்கும் சத்தத்தை
நின்று கேட்டேன்.